தாலி கட்டும் நேரமும் கேமராக் கண்ணும்

மூலக்குளத்தில் ஒரு திருமண மண்டபம், விடியற்காலை முகூர்த்தம். "கெட்டிமேளம்" என்ற குரல் எழுகிறது. தாலி கட்டி முடியச் சில விநாடிகளே ஆகும். படம் பிசகியதா என்பதைப் புகைப்படக்காரர் இன்று உடனே திரையில் பார்த்துவிடலாம்; ஆனால் அதற்குள் தாலி ஏறியிருக்கும்!

மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. ஆகவே ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அது 1/20 விநாடி எனக் கொள்வோம். விநாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் நகரும் கை, அதற்குள் 2.5 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் கை கலங்கித் தெரியும்.

ஃபிளாஷ் போடலாமே என்பீர்கள். ஓமப்புகை அவ்வொளியைச் சிதறடித்துப் படத்தை வெளுக்கச் செய்யும்.

ஆகவே அவர் அகன்ற துவாரமுள்ள லென்ஸைத் தேர்ந்தெடுக்கிறார். லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப்-எண். குவியத் தூரம் 50 மி.மீ. எனில், எஃப்-எண் 5.6-க்கு விட்டம் சுமார் 9 மி.மீ.; 1.8-க்குச் சுமார் 28 மி.மீ. நுழையும் ஒளியோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஏறத்தாழ 10 மடங்கு ஒளி கிடைக்கிறது. 1/200 விநாடி போதும். கை நகர்வது 2.5 மி.மீ. மட்டுமே!

ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. துவாரம் அகன்றால், தெளிவாகப் பதியும் ஆழம் குறையும். மணமக்கள் முகம் தெளிவாக இருக்க, பின்னே கண்கலங்கி நிற்கும் தாயின் முகம் மங்கிவிடலாம். எது வேண்டும் என்பதை அந்த விநாடியிலேயே அவர் தீர்மானிக்க வேண்டும்.

எஃப்-எண்ணை 5.6-லிருந்து 2.8 ஆக்கினால் ஒளி எத்தனை மடங்காகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.