ஆம்பூரிலிருந்து சியோலுக்கு: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வீடுகளில் பிள்ளை தென்கொரியாவுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் வரும் முதல் கவலை சாப்பாடு. நியாயமான கவலைதான். சியோலின் இத்தேவோன் பகுதியில், 1976-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் இறைச்சியும் பாசுமதி அரிசியும் மசாலாவும் கிடைக்கும். சீரகச் சம்பாவை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே வழக்கத்தில் இருப்பது குட்டையான, ஒட்டும் அரிசி.

தினமும் இத்தேவோன் போய்வர முடியாது. விடுதிப் பக்கத்துக் கடையில் நூடுல்ஸ் பாக்கெட்டை எடுத்தால் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை உறையில் தனியாகக் குறிக்கவேண்டும் என்பது கொரியச் சட்டம். அந்தப் பட்டியலில் பன்றி இறைச்சியும் உண்டு. 'த்வேஜிகோகி' என்று எழுதியிருக்கும். ஆனால் சமையலில் சேர்த்த மது அந்தப் பட்டியலில் வராது, கோழியை எப்படி அறுத்தார்கள் என்பதும் தெரியாது. அதற்குப் பொருள்களின் முழு விவரத்தையும் படிக்க வேண்டும், ஹலால் முத்திரையையும் தேட வேண்டும்.

அதனால்தான் ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே கொரிய எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். 1446-இல் மன்னர் சேஜோங் வெளியிட்ட எழுத்துமுறை அது. இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. மொழி வசப்பட வருடக்கணக்காகும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சில வாரங்கள் போதும். சென்னையில் இன்கோ மையம் வகுப்பு நடத்துகிறது.

போய் இறங்கியதும் வேலைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மாணவர் விசாவில் நீண்டகாலம் தங்குபவர்கள் 90 நாள்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தபின் தரப்படும் அடையாள அட்டை கைக்கு வந்தால்தான் வங்கிக் கணக்கும் சொந்தப் பெயரில் போன் எண்ணும் சிக்கலின்றிக் கிடைக்கும். அந்த எண் இல்லாவிட்டால் இணையத்தில் பொருள் வாங்குவதுகூடச் சிரமம்; பல தளங்கள் அதை வைத்துத்தான் ஆளைச் சரிபார்க்கின்றன. அதுவரை செலவுக்குக் கையில் பணம் இருக்கட்டும். வெளியே அறை எடுத்தால் வாடகை போகப் பெரிய தொகை முன்பணமாகக் கேட்பார்கள். முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியே நல்லது.

குப்பை விஷயத்தில் நம் பிள்ளைகள் நிச்சயம் தடுமாறுவார்கள். 1995 முதல் அங்கே குப்பை போட அந்தந்தப் பகுதி நிர்வாகத்தின் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உணவுக் கழிவு தனி. பிரியாணி சமைத்தால் மிஞ்சிய சோறு உணவுக் கழிவில் போகும். எலும்பு, முட்டை ஓடு, வெங்காயத் தோல் பொதுவாகச் சாதாரணக் குப்பைப் பையில் போகும். கால்நடைத் தீவனமாகவோ உரமாகவோ மாற்ற முடியுமா என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். மாற்றிப் போட்டால் அபராதம் வரலாம்.

பேருந்தில் டி-மணி என்ற பயண அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் கருவியில் காட்ட வேண்டும். இறங்கும்போது விட்டுவிட்டால் அடுத்த வண்டிக்கு மாறும் சலுகை போய்விடும்.

பகுதிநேர வேலை செய்தே படிப்புச் செலவைச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். வேலைக்குக் குடிவரவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது கொரிய மொழித் தேர்ச்சியைப் பொறுத்தது. அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் நாட்டைவிட்டே அனுப்பக்கூடும். 2021 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேசிய மருத்துவக் காப்பீடும் கட்டாயம். மாதச் சந்தாவைக் கட்டாமல் விட்டால் விசா நீட்டிப்பு சிக்கலாகும். வீட்டில் போடும் செலவுக் கணக்கில் அந்தத் தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.