எலியின் ஓட்டமும் மூளையின் இரசாயனமும்

குகட்பள்ளியில் குடியேறியுள்ள நம்மவர் இல்லம் ஒன்றை மனத்தில் கொள்வோம். ஓரிடத்தில் நில்லாது ஓடிக்கொண்டேயிருக்கும் பேரன் ஒருபுறம். மடியில் வைத்த கை நடுங்க, எழுந்து முதலடி எடுத்து வைக்கத் தயங்கும் பாட்டனார் மறுபுறம். ஒருவரிடம் அசைவு மிகுவதும் மற்றவரிடம் குன்றுவதும் ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிய விஞ்ஞானிகளுக்கு எலிகள் பெருந்துணை புரிந்துள்ளன.

குகட்பள்ளியில் மெட்ரோ வண்டி ஏறி, அமீர்ப்பேட்டையில் மாறிச் சென்றால் தார்நாக்காவை அடையலாம். அங்குள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நமக்கு அந்நியமானதன்று. 1918ஆம் ஆண்டில் நம் குன்னூரில் மெக்காரிசன் என்பார் தொடங்கிய ஆராய்ச்சியே, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து இந்நிறுவனமாக வளர்ந்தது. ஆய்வுக்குரிய எலிகளை முறையாக வளர்த்துப் பிற ஆய்வுக்கூடங்களுக்கு வழங்கும் பணியையும் இது செய்து வந்துள்ளது.

எலியின் அசைவை அளப்பது எங்ஙனம்? திறந்த பெட்டி ஒன்றில் எலியை விடுவர். பெட்டியின் குறுக்கே கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கதிர்கள் பாயும். எலி ஓடும்போது கதிர் தடைப்படும். எத்தனை முறை தடைப்பட்டது என்பதைக் கருவி எண்ணிக்கொள்ளும்.

அசைவை ஆளும் இரசாயனங்களுள் முதன்மையானது டோபமின். மூளையின் ஒரு நரம்பணு இதனைச் சிறு பைகளில் சேமித்து வைத்து, வேண்டும்போது வெளியிடுகிறது. அடுத்த நரம்பணு அச்செய்தியை ஏற்கிறது. வேலை முடிந்ததும் டோபமின் மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. சேமிப்பு வற்றினால் என்னாகும்? நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்னும் மருந்து அப்பைகளை வெறுமையாக்கிவிடும். அம்மருந்து செலுத்தப்பட்ட சுண்டெலிகளும் முயல்களும் அசைவற்றுக் கிடந்தன. 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், டோபமினாக மாறக்கூடிய டோபா என்னும் பொருளை அவற்றுக்குச் செலுத்தினார். கிடந்தவை எழுந்து நடமாடின! இத்துறையில் அவர் ஆற்றிய பணிக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிட்டியது. பார்க்கின்சன் நோயாளருக்கு இன்று அளிக்கப்படும் முதன்மையான மருந்தும் இந்த டோபாவே.

இதில் நாம் மகிழ்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. நம் ஊர் வேலிகளில் படர்ந்து, தொட்டவரைச் சொறிய வைக்கும் பூனைக்காலியின் விதையில் டோபா இருப்பதை 1937ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். அதன் பயன் முழுதும் விளங்க மேலும் இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இனி, டோபமின் மிகுந்தால்? ஆம்பெட்டமின் என்னும் மருந்தைச் சிறிதளவு செலுத்தினால் எலி ஓயாது ஓடும். அளவு கூடினால் ஓட்டம் நின்று, ஓரிடத்திலேயே மோப்பம் பிடிப்பதும் கொறிப்பதுமாக இருக்கும். 1996இல் அமெரிக்க விஞ்ஞானிகள், டோபமினை உள்ளே இழுக்கும் புரதம் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினர். வெளியில் தங்கிய டோபமினால் அவை ஓய்வறியாது ஓடின. ஆயினும், ஊக்க மருந்து கொடுத்தபோது அவை அடங்கின! ஆராய்ந்தபோது, செரடோனின் என்னும் மற்றோர் இரசாயனத்துக்கும் அதில் பங்குண்டு என 1999இல் கூறினர். எனவே, மிகுந்தால் ஓட்டம், குறைந்தால் முடக்கம் என்று ஒரே கணக்கில் எதையும் அடக்கிவிட இயலாது.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? எலி எலியே, குழந்தை குழந்தையே. ஓடியாடுவது பிள்ளைப் பருவத்தின் இயல்பு. ஆயினும் அத்துடிப்பு வீட்டிலும் பள்ளியிலும் நீடித்து, படிப்புக்கும் பழக்கத்துக்கும் இடையூறு செய்யுமாயின், அடித்துத் திருத்த முயல்வது தகாது. மருத்துவரிடம் காட்டுவதே முறை. அவ்வாறே, பூனைக்காலியில் மருந்துண்டு என்று கேட்டவுடன் பாட்டனாருக்குப் பொடி இடித்துக் கொடுத்தலும் ஆகாது. விதைக்கு விதை டோபாவின் அளவு வேறுபடும். மருத்துவர் தரும் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு மிஞ்சிக் கேடு விளையக்கூடும். பேரனின் துடிப்பும் பாட்டனாரின் தயக்கமும் அவர்தம் மனத்தின் பிடிவாதம் அல்ல என்று உணர்ந்தாலே, வீட்டில் கடிந்துரை குறையும், பரிவு பெருகும்.