ஐந்து நட்சத்திரத்துக்கு அதிக வரி

ஆலைக்கும் காருக்கும் சலுகை தந்த அரசு, வீட்டுக்குள் வரும்போது மட்டும் கையை விரிக்கிறது

ஒரே கடையில் இரண்டு ஏ.சி.க்கள். மூன்று நட்சத்திர முத்திரை ஒட்டியது ரூ. 30,000 என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை இன்னும் குறைவாகச் செலவிடும் ஐந்து நட்சத்திர ஏ.சி. ரூ. 40,000. இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். முதலாவதை வாங்குபவர் கட்டும் வரி ரூ. 5,400. சிக்கனத்தைத் தேர்ந்தெடுத்தவர் கட்டுவதோ ரூ. 7,200. நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதற்கு ரூ. 1,800 அபராதம்!

2025 செப்டம்பர் 22ல் ஏ.சி. மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனால் எல்லா நட்சத்திரங்களுக்கும் ஒரே குறைப்பு. அரசே 2006ல் கொண்டுவந்த முத்திரை, வரி போடுபவர்கள் கண்ணில் படவில்லை.

ஆலைகளின் கதை வேறு. வீணாகும் வெப்பத்தை மீட்கும் சாதனங்கள் போன்றவற்றின் விலையில் ஆண்டுக்கு 80 சதவீதம் வரை தேய்மானமாகக் கழிக்க வருமான வரி விதிகள் இடம் கொடுத்தன. 2017ல் இது 40 சதவீதமாகச் சுருங்கியது. அப்போதும் சாதாரண இயந்திரங்களுக்குக் கிடைத்தது 15 சதவீதமே.

மின்சார வாகனத்துக்கும் தனி மரியாதை. 2019 ஆகஸ்டில் அதன் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாயிற்று. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட வாகனக் கடன்களுக்கு, ஆண்டுக்கு ரூ. 1.5 லட்சம் வரை வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவருக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை.

வரிச் சலுகை எட்டாதவர்களுக்கும் வழி உண்டு என்பதை அரசே காட்டியிருக்கிறது. 2015ல் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தில் எல்.இ.டி. பல்புகள் மொத்தமாக வாங்கப்பட்டன, ரூ. 310 ஆக இருந்த கொள்முதல் விலை 2016ல் ரூ. 38க்கு இறங்கியது. 2024ல் வந்த 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் கூரைமேல் 3 கிலோவாட் சூரிய மின்தகடு பொருத்தினால் ரூ. 78,000 மானியம்.

சொந்தக் கூரை இல்லாத வாடகைவாசி? அவர் சிக்கனம் காட்ட முடிவது மின்விசிறியோ ஏ.சி.யோ வாங்கும்போதுதான். ஐந்து நட்சத்திரத்துக்கு மட்டும் வரியை 5 சதவீதமாக்கினால், அந்த இரண்டு ஏ.சி.க்களின் விலை வித்தியாசம் ரூ. 11,800லிருந்து ரூ. 6,600 ஆகிவிடும். மிச்சத்தை மின்கட்டண ரசீது பார்த்துக்கொள்ளும்.