அடிபந்தாட்ட மட்டையும் அடிமுறையும்

அடிபந்தாட்டம் (பேஸ்பால்), மென்பந்தாட்டம் (சாஃப்ட்பால்) ஆகிய விளையாட்டுகளில் எறிவாளர் எறியும் பந்தை அடிக்கப் பயன்படும் உருளை வடிவக் கோல் மட்டை எனப்படுகிறது. கிரிக்கெட் மட்டைக்கு உள்ளது போன்ற தட்டையான முகம் இதற்கு இல்லை. பந்தும் உருண்டை, மட்டையும் உருண்டை என்பதால் படும் இடம் ஓரிரு சென்டிமீட்டர் மாறினாலே பந்து வானுக்கோ தரைக்கோ போய்விடும். இக்கட்டுரை மட்டையின் அமைப்பையும் அடிக்கும் முறையையும் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் நன்கறியப்பட்ட கிட்டிப்புள், கிரிக்கெட் ஆகியவற்றோடு ஒப்பிட்டு விளக்குகிறது.

அமெரிக்க மேஜர் லீக் விதிகளின்படி மட்டை ஒரே மரத்துண்டால் ஆனதாக இருத்தல் வேண்டும். அதன் நீளம் 106.7 செ.மீ-ஐயும், தடித்த பகுதியின் விட்டம் 6.63 செ.மீ-ஐயும் மிஞ்சக் கூடாது. மென்பந்தாட்ட மட்டை சிறியது, நீளம் 86.4 செ.மீ, விட்டம் 5.7 செ.மீ என்பன அதன் மேல் எல்லைகள். ஆனால் மென்பந்து பெரியது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 30 செ.மீ, அடிபந்தின் சுற்றளவு ஏறத்தாழ 23 செ.மீ மட்டுமே.

== வேகமும் எடையும் ==

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களின் சிறுவர்கள் கோடையில் வற்றிய ஏரியிலும் அறுவடை முடிந்த வயலிலும் விளையாடுவது வழக்கம். அவர்கள் 'கில்லி' என அழைக்கும் கிட்டிப்புள்ளில் நீண்ட கோல் கிட்டி எனவும், இருமுனையும் கூராகச் சீவிய சிறு துண்டு புள் எனவும் பெயர் பெறும். புள்ளின் முனையைத் தட்டினால் அது துள்ளி எழும். எழுந்ததை அந்தரத்திலேயே அடிக்க வேண்டும். புள்ளைத் தன்னை நோக்கி எறிந்து தருபவர் எவரும் இல்லாததால், அது எவ்வளவு தொலைவு போகும் என்பது பெரும்பாலும் கிட்டியின் வேகத்தைப் பொறுத்தது. கை தாங்கும் அளவில் நீளமான, எடை குறைந்த கோலையே தேர்ந்த சிறுவர்கள் நாடுவதன் காரணம் இதுவே.

அடிபந்தாட்டத்தில் பந்து வேகமாக வருகிறது. ஆயினும் இங்கும் மட்டையின் வேகமே முதன்மையானது. நல்ல இடத்தில் பட்டால், பந்து திரும்பிச் செல்லும் வேகம் தோராயமாக, வரும் பந்தின் வேகத்தில் 0.2 பங்கும் மட்டை வேகத்தின் 1.2 பங்கும் சேர்ந்தது எனக் கணக்கிடுவர். மணிக்கு 140 கி.மீ வேகத்தில் வரும் பந்தை 110 கி.மீ வேகத்தில் சுழலும் மட்டை தாக்கினால் 28-உம் 132-உம் கூடி 160 கி.மீ ஆகும். எறிவாளர் 10 கி.மீ கூட்டினால் அடிப்பாளருக்குக் கிடைப்பது 2 கி.மீ, மட்டை 10 கி.மீ கூடினால் கிடைப்பது 12 கி.மீ.

கனமான மட்டை 0.2 என்ற பங்கைச் சற்று உயர்த்தும். ஆனால் அதைச் சுழற்றும் வேகம் குறையும். பேப் ரூத் 1.1 கிலோகிராமுக்கும் மேற்பட்ட மட்டைகளைப் பயன்படுத்தியவர். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களின் மட்டை பெரும்பாலும் 0.9 கிலோகிராமை ஒட்டியே உள்ளது. ஒரே மட்டையை அணியினர் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் பள்ளிகளில் இதன் இழப்பு சிறிய உடல்வாகு கொண்ட மாணவர்களையே சேர்கிறது. அவர்கள் கைப்பிடியின் அடிக்குமிழை விட்டு மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே பிடித்தால், அதே மட்டை சுழற்றுவதற்கு எளிதாகிவிடும். எட்டும் தொலைவு சிறிது குறையும் என்பது உண்மை. பந்தைத் தவறவிடுவதைக் காட்டிலும் அது மேலானது.

மட்டையின் நுனியிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ உள்ளே பந்து பட்டால் கையில் அதிர்வு மிகக் குறைவாக இருக்கும். பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. கையின் பிடி அதற்குள் எதையும் செய்ய இயலாது. ஆகவே, அடிக்கும் கணத்தில் இறுக்கிப் பிடித்தால் பந்து தொலைவு போகும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இயற்பியலில் ஆதரவில்லை.

== மரம் ==

நெடுங்காலம் ஆஷ் மரமே மட்டைக்கு உரியதாக இருந்தது. 2001-இல் பாரி பாண்ட்சு மேப்பிள் மட்டையால் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன்கள் அடித்த பின் மேப்பிள் பெருகியது. வட அமெரிக்காவில் 2002-இல் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களை அழித்துவருவதும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. மேப்பிளின் குறை, அது முறியும்போது கூரிய பெருந்துண்டாகப் பறப்பது. 2008-இல் முறிந்த மட்டைகள் திரட்டி ஆராயப்பட்டன. மர இழை மட்டையின் நீளத்தோடு நேராக ஓடாமல் சாய்ந்திருப்பதே முதன்மைக் காரணம் எனத் தெரியவந்தது. கைப்பிடியில் ஒரு மைத்துளி இட்டு, அது பரவும் திசையைக் கொண்டு இழையின் சாய்வு 3 பாகைக்குள் உள்ளதா எனப் பார்க்கும் எளிய சோதனை அதன் பின்னர் நடைமுறைக்கு வந்தது.

மட்டைக்குள் துளையிட்டுத் தக்கை நிரப்புவது விதிமீறல் ஆகும். 2003 சூனில் சாமி சோசாவின் மட்டை முறிந்து உள்ளிருந்த தக்கை வெளிப்பட்டதால் அவர் தடை பெற்றார். தக்கையால் மட்டை இலேசாகி விரைவாகச் சுழலும். ஆனால் மோதும் நிறையும் குறைவதால் பந்து கூடுதல் தொலைவு போவதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. பழி மட்டுமே மிச்சம்.

2025 மார்ச்சு 29 அன்று நியூயார்க் யாங்கீசு அணி ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன்கள் அடித்தபோது, அவ்வணியினர் சிலர் பயன்படுத்திய புதுவகை மட்டை பேசுபொருளானது. இயற்பியலாளர் ஆரோன் லீன்கார்ட் உருவாக்கிய அம்மட்டையில் நுனி மெலிந்து, பந்து வழக்கமாகப் படும் இடம் தடித்திருக்கும். அது விதிகளுக்கு உட்பட்டதே. அன்று மூன்று ஹோம் ரன்கள் அடித்த ஆரோன் ஜட்ஜ் பழைய வடிவ மட்டையையே பயன்படுத்தினார்.

== உலோகம் ==

மர மட்டையில் மோதும் பந்து நசுங்கி மீளும்போது அதன் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. உள்ளீடற்ற அலுமினிய மட்டையில் மட்டைச் சுவரே சற்று உள்வாங்கி மீள்வதால் பந்து குறைவாக நசுங்கும், வீணாவதும் குறையும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1974 முதல் அலுமினியம் அனுமதிக்கப்பட்டது. பந்தின் வேகம் கூடி எறிவாளர்களுக்கு ஆபத்து மிகவே, 2011 முதல் மட்டையின் துள்ளலை மரத்துக்கு நெருக்கமாகக் கட்டுப்படுத்தும் தரம் கட்டாயமாக்கப்பட்டது. கிரிக்கெட்டில் இக்கேள்வி விரைவில் தீர்ந்தது. 1979 திசம்பரில் பெர்த்தில் டென்னிசு லில்லி அலுமினிய மட்டையோடு களமிறங்கிய பின், மட்டையின் முகம் மரத்தாலானதாகவே இருக்க வேண்டும் என விதி திருத்தப்பட்டது.

மென்பந்து என்னும் பெயர் ஏமாற்றக்கூடியது. அது மென்மையானது அன்று. ஊர்ப்புறக் கிரிக்கெட்டில் பயன்படும் டென்னிசு பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். மென்பந்தின் எடை ஏறத்தாழ 180 கிராம். மகளிர் மென்பந்தாட்டத்தில் எறிவாளர் நிற்கும் தொலைவு 13.1 மீட்டரே, எறிந்து முடிக்கையில் அவர் இன்னும் அருகில் வந்திருப்பார். எனவே உலோக மட்டையால் அடிக்கும் பயிற்சியில் எறிபவருக்கு முகக்காப்போ, முன்னே ஒரு வலைத்தடுப்போ இல்லாமல் தொடங்குவது தகாது.

== அடிமுறை ==

அடிபந்தாட்டத்தில் எறிதொலைவு 18.44 மீட்டர். 145 கி.மீ வேகத்தில் வரும் அடிபந்தும், 13.1 மீட்டரிலிருந்து 100 கி.மீ வேகத்தில் வரும் மென்பந்தும் அடிப்பாளரை அடைய ஏறத்தாழ 0.4 நொடியே எடுக்கின்றன. மட்டையைச் சுழற்ற 0.15 நொடி தேவை. எஞ்சிய கால் நொடிக்குள் பந்தைக் கண்டு, அடிப்பதா விடுவதா என முடிவெடுக்க வேண்டும். நூறில் ஒரு பங்கு நொடி முந்தினாலோ பிந்தினாலோ பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே சென்று ஃபவுல் ஆகலாம்.

1941-இல் 0.406 சராசரி பெற்ற டெட் வில்லியம்சு, அடிக்கத்தக்க பந்துக்காகக் காத்திருப்பதே முதல் விதி என்றார். தம் நூலில் அடிக்குரிய பரப்பை 77 பந்துகளாகப் பிரித்து, ஒவ்வோரிடத்திலும் தமக்குக் கிட்டக்கூடிய சராசரியைக் குறித்துக் காட்டினார். மேட்டிலிருந்து எறியப்படும் பந்து கீழ்நோக்கி வருவதால், மட்டை சிறிது மேல்நோக்கிச் செல்வதே பொருந்தும் என்பதும் அவர் கருத்து. இடுப்பின் சுழற்சியை அவர் முதன்மையாகக் கொண்டார். பயிற்சியாளர் சார்லி லாவ் உடல் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றுவதை வலியுறுத்தினார். நடைமுறையில் சிறந்த அடிப்பாளர்களிடம் இரண்டும் காணப்படுகின்றன. மென்பந்தாட்டத்தில் பந்து மேடின்றி, இடுப்பளவு உயரத்தில் கையின் கீழ்வீச்சாக வருவதால் மேல்நோக்கிய வீச்சு எப்போதும் உதவாது. குறுகிய, ஏறத்தாழக் கிடைமட்டமான வீச்சே பாதுகாப்பானது.

கிரிக்கெட்டிலிருந்து வருபவர்களுக்கு இதில் மாற வேண்டிய பழக்கங்கள் உள்ளன. பந்து தரையில் பட்டு எழுவதைக் காத்திருக்கும் கண், இங்கு எறிவாளரின் கையை விட்டு அகலலாகாது. முகத்தை நேராக்கித் தடுக்கும் ஆட்டமும், விக்கெட்டுக்குப் பின்னே தட்டிவிட்டு ஓட்டம் எடுக்கும் நுட்பமும் பயன்படா. இரு எல்லைக்கோடுகளுக்கு இடைப்பட்ட 90 பாகைக்குள் விழுவதே ஆட்டத்திற்குரிய பந்து. காலை ஊன்றிக் குறுக்கே வீசி அடிக்கும் ஊர்ப்புற அடி, பயிற்சியாளர்கள் கிரிக்கெட்டில் கடிந்துகொள்வது, இங்கு ஏறக்குறைய அப்படியே செல்லும். கில்லி ஆடிப் பழகியவர்களுக்கு அந்தரத்தில் உள்ள பொருளை உருண்டைக் கோலால் தொடும் பழக்கம் முன்பே உண்டு.