தொலைக்காட்சியில் தொழில் பழகப் போகும் பிள்ளைகள்: கையெழுத்திடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

சென்ற மாதம் ஒரு தாயார் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். பிளஸ் டூ முடித்த அவருடைய மகன், டி.வி.யில் வேலை கற்கத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். சென்னையில் யாரோ ஒருவர், "சேனலில் அப்ரண்டிஸாகச் சேர்த்து விடுகிறேன், 40 ஆயிரம் கட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கையில் இருந்த வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் அந்தத் தாயார் வந்திருந்தார்.

"வேண்டாம்மா" என்று உடனே சொல்லிவிட்டோம். ஏன் வேண்டாம், பிறகு என்னதான் வழி என்று விளக்கத்தான் நேரம் பிடித்தது. இதே யோசனையில் வேறு குடும்பங்களும் இருக்கலாம் என்பதால், அன்று அவரிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

திரைக்குப் பின்னால் யார் யார்?

டி.வி. வேலை என்றால் செய்தி வாசிப்பவரும் நடிகரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். உண்மையில் திரையில் ஒரு முகம் தெரிய, பின்னால் பல பேர் உழைக்கிறார்கள். ஒரு செய்தி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். ஸ்டுடியோ தளத்தில் மூன்று, நான்கு கேமராக்கள் இருக்கும். தளத்தை ஒழுங்கு செய்பவர் ஃப்ளோர் மேனேஜர். அவர் காதில் இருக்கும் கருவி வழியாகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கும். அந்த அறையில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இருப்பார். எந்தக் கேமராவின் படம் இப்போது போக வேண்டும் என்று பொத்தானை அழுத்தி மாற்றுகிறவர் விஷன் மிக்ஸர். ஒலியைக் கவனிப்பவர் ஒருவர், திரையின் கீழே ஓடும் எழுத்துகளைப் போடுபவர் ஒருவர், வாசிப்பவர் பார்த்துப் படிக்கும் டெலிபிராம்ப்டரை நகர்த்துபவர் ஒருவர். இவர்கள் தவிர விளக்கு அமைப்பவர்கள், படத்தொகுப்பாளர்கள், வெளியே போய்ப் படம் எடுத்து வருபவர்கள் என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு.

இவை ஒவ்வொன்றும் தனித் தொழில். உங்கள் பிள்ளை "டி.வி.யில் சேரப் போகிறேன்" என்று சொன்னால், "எந்த வேலைக்கு?" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். அதற்கு அவனிடம் பதில் இல்லை என்றால், இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

முதல் நாட்களில் என்ன வேலை?

பழகப் போகிறவர் கையில் முதல் நாளே யாரும் கேமராவைக் கொடுத்துவிட மாட்டார்கள். கேபிளைச் சுருட்டத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார்கள். இது கேவலமான வேலை இல்லை. முறுக்கு விழாதபடி ஒரு சுற்று மேலாகவும் அடுத்த சுற்று கீழாகவும் மாற்றிச் சுற்ற வேண்டும். கண்டபடி சுருட்டினால் உள்ளே இருக்கும் கம்பி பழுதாகி, நேரலையின் நடுவே ஒலி அறுந்துபோகும்.

அடுத்து பேட்டரிகள். எது சார்ஜ் ஆனது, எது தீர்ந்தது என்று பிரித்து வைக்க வேண்டும். அதற்கடுத்தது மெமரி கார்டு. படம் எடுத்த கார்டை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் நகல் எடுத்து, இரண்டிலும் படம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். இதில் ஒரு முறை தவறினால் ஒரு நாள் முழுவதும் இருபது பேர் உழைத்தது போய்விடும். அதனால் பொறுமையும் ஒழுங்கும் உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் மதிப்பு அதிகம்.

விளக்குகள் சூடானவை, கனமானவை. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைக்காமல் விட்டால் சாய்ந்து ஆள் மேல் விழும். பாதுகாப்பைச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்பதை வைத்தே அது நல்ல இடமா என்று ஓரளவு அறியலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"அப்ரண்டிஸ்" என்ற சொல்லை இன்று யார் வேண்டுமானாலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அதற்குத் திட்டமான பொருள் உண்டு. பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். பிள்ளை மைனர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். உங்களைக் கேட்காமல் நடக்கிற காரியம் அல்ல இது.

பழகும் காலத்தில் மாத உதவித்தொகை உண்டு. 2019 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி முதல் ஆண்டுக்கான குறைந்தபட்சத் தொகை, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 6,000 ரூபாய், பிளஸ் டூ தேறியவருக்கு 7,000, டிப்ளமோ படித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. சேரும் நேரத்தில் நடப்பிலுள்ள தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2016 முதல் நடக்கும் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், இந்தத் தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. அதாவது பழகப் போகும் பிள்ளைக்குப் பணம் வர வேண்டுமே தவிர, பிள்ளையிடமிருந்து பணம் போகக் கூடாது. அந்தத் தாயாரை நாம் தடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் பழகுநரைக் கூடுதல் நேரம் வேலை வாங்கக் கூடாது. அதே சமயம், பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. "முடித்தால் வேலை நிச்சயம்" என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

உண்மை நிலவரம்

எல்லா நிறுவனங்களும் இந்தச் சட்டப்படிதான் ஆள் எடுக்கின்றன என்று சொல்ல முடியாது. பல இடங்களில் "இன்டர்ன்", "டிரெய்னி" என்ற பெயரில் சேர்க்கிறார்கள். சீரியல் தயாரிப்பில் ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்து பழகுவதும் வழக்கம். இவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் சட்டப் பாதுகாப்பு குறைவு என்பதால், கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்:

1. எத்தனை மாதம்? எந்தப் பிரிவில்? இவை எழுத்தில் இருக்கிறதா?
2. மாதம் எவ்வளவு? வங்கிக் கணக்கில் வருமா?
3. யாருக்குக் கீழ் வேலை? அவர் பெயர் என்ன?
4. வேலை நேரம் என்ன? இரவு ஷிப்ட் உண்டா? வாகன வசதி உண்டா?
5. முடிவில் சான்றிதழ் தருவார்களா?
6. அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்கிறார்களா? சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது.

பெண் பிள்ளைகளும் இத்துறையில் படத்தொகுப்பு, ஒலி, கிராபிக்ஸ், செய்திப் பிரிவு என்று பணியாற்றுகிறார்கள். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், பழகுநர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். "குழுவில் யார் இருக்கிறார்கள்?" என்று சேரும்போதே கேட்பது தவறில்லை, அது உங்கள் உரிமை.

ஜும்ஆ நேரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நேரலை ஓடும்போது இருக்கையை விட்டு எழ முடியாது. ஆனால் ஷிப்ட் முறை உள்ள இடங்களில் முன்கூட்டியே சொன்னால் நேரம் மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சேர்ந்த பிறகு முகம் சுளிப்பதை விட, நேர்காணலிலேயே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

எங்கே தேடுவது?

மத்திய அரசின் "அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா" இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் தனித் திட்டம் உண்டு. நம் பகுதி மாநிலங்களுக்கு அதைக் கவனிக்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அதே தரமணியில்தான் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் உள்ளது. பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கே ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் போன்றவற்றைப் பட்டப் படிப்பாகவே படிக்கலாம்.

உடனே சென்னைக்குப் போக வசதி இல்லாதவர்கள், நம் ஊரில் திருமண வீடியோ எடுப்பவரிடமோ உள்ளூர் கேபிள் சேனலிலோ சில மாதம் பழகிப் பார்க்கலாம். பிள்ளைக்கு இந்த வேலையின் மீது இருப்பது ஆசையா, வெறும் மயக்கமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் தாயாரின் மகன் இப்போது அப்படித்தான், மாலை நேரங்களில் நம் தெருவிலுள்ள ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் பழகுகிறான். அரசு நிறுவனத்தின் அடுத்த சேர்க்கை அறிவிப்புக்கும் காத்திருக்கிறான். வளையல் அவருடைய கையிலேயே இருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஓர் ஒப்பந்தமோ கடிதமோ வந்திருந்தால், கையெழுத்திடும் முன் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்ப்போம்.