சம்பளம் ஒரு கையில், கேமரா ஒரு கையில்



எங்க பெரியம்மா பொண்ணு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். சேர்த்து வைத்த காசில் பழைய கேமரா ஒன்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் என்று கிளம்பிவிடுவாள். கோயில், கடல், தெருவில் போகிற மனுஷங்க என்று எல்லாவற்றையும் படம் எடுப்பாள். துணைக்கு நானும் போவேன்.

பொங்கல் லீவில் வீட்டில் பெரிய சண்டை. "வேலைக்குப் போற பொண்ணுக்கு கேமரா எதுக்கு? வித்துடு" என்று பெரியம்மா சொன்னாங்க. "கேமராவை விட மாட்டேன். வேணும்னா வேலையை விடறேன்" என்று அக்கா சொன்னாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியுமா? வேலையும் பார்த்து, ஊர் சுற்றிப் படமும் எடுத்தவர்கள் இருக்கிறார்களா என்று தேடிப் படித்தேன். இரண்டு பேர் கதை மனதில் நின்றுவிட்டது.

தஞ்சாவூருக்கு வந்த ராணுவ அதிகாரி

லின்னேயஸ் டிரைப் 1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் அதிகாரி. படம் எடுப்பது அவர் வேலை இல்லை, ஆசை. 1854-ல் பேலூர், ஹளேபீடு கோயில்களைத் தானாகவே போய் எடுத்தார். பிறகு 1856-ல் அரசாங்கமே அவரைச் சென்னை மாகாணத்தின் புகைப்படக்காரராக நியமித்தது. ஆசையே வேலை ஆகிவிட்டது!

1857, 58-ல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றினார். இப்போது மாதிரி செல்போனா? பெரிய பெட்டிக் கேமராவையும் மருந்து பாட்டில்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றாகச் சேர்த்தார். அதன் நீளம் சுமார் 19 அடி.

ஆனால் புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன், இது வீண் செலவு என்று நினைத்தார். 1860-ல் அந்தப் பணி நின்றுபோனது. அதற்குப் பிறகு டிரைப் எடுத்த படங்கள் மிகவும் குறைவு.

குழந்தை பார்த்துக்கொண்ட அம்மா

விவியன் மேயர் 1926-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சுமார் 40 வருஷம் பணக்கார வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். பெரும்பாலும் சிகாகோ பக்கம். லீவு நாளில் மட்டும் இல்லை, குழந்தைகளை வெளியே கூட்டிப் போகும்போதும் கழுத்தில் கேமரா தொங்கும். அது ரோலிஃபிளெக்ஸ் கேமரா. கண்ணில் வைக்க வேண்டாம். வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்தே எடுக்கலாம். 1959-ல் தனியாகவே ஆசியா, எகிப்து என்று பயணம் போய்ப் படம் எடுத்தார்.

அவர் எடுத்தது ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் கிட்டத்தட்ட யாருக்கும் காட்டவே இல்லை. கழுவாத பிலிம் சுருள்களே நூற்றுக்கணக்கில் இருந்தன. வயதான காலத்தில் சாமான் போட்டு வைத்த அறைக்கு வாடகை கட்ட முடியவில்லை. 2007-ல் எல்லாம் ஏலத்துக்குப் போனது. 2009-ல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவர் படங்களைப் பார்த்தது.

எனக்குப் புரிந்தது

டிரைப்புக்கு ஆசையே சம்பளமாகிவிட்டதால், சம்பளம் நின்றதும் படமும் நின்றது. மேயருக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது. அதனால் "படம் எடுக்காதே" என்று சொல்ல எந்த கவர்னராலும் முடியவில்லை. ஆனால் கிட்டத்தட்ட யாரிடமும் காட்டாதது அவருடைய நஷ்டம். அதனால் அக்காவிடம் சொன்னேன்: "வேலையை விடாதே, கேமராவையும் விற்காதே, படத்தை மட்டும் ஒளிச்சு வைக்காதே."

இப்போது நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்:

1. நைட் ஷிப்ட் வாரத்தில் கேமராவைத் தொடுவதில்லை. தூக்கம் முக்கியம். மற்ற வாரம் ஒரே ஒரு இடம். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவோம்.

2. வெளிச்சம் பார்த்துப் போகணும். அர்ச்சுனன் தபசு கிழக்கே பார்த்த பாறை. காலை வெயில் நேராக விழும், சிற்பம் தெளிவாகத் தெரியும். ஆனால் கடற்கரைக் கோயிலை ஊர்ப் பக்கம் நின்று காலையில் எடுத்தால் கோயில் கருப்பாகத்தான் வரும். ஏன்? சூரியன் அதன் பின்னால் கடலில் இருக்கிறது. அதற்குச் சாயங்காலம் போகணும்.

3. மனுஷங்களை எடுக்கும் முன் கேட்கணும். "வேண்டாம்" என்றால் விட்டுவிடணும். மீன் விற்கிற ஆயா காட்சிப் பொருள் இல்லை.

4. கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. அது தடை செய்யப்பட்ட இடம். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

5. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம் எழுதி வைக்கணும். மாதம் ஒரு படமாவது பிரிண்ட் போட்டு யாருக்காவது காட்டணும்.

இந்தத் தாளின் கீழே ஒட்டியிருக்கும் படம் அக்கா எடுத்தது. சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்கும் ஆயா. கேட்டபோது முதலில் முறைத்தாங்க, அப்புறம் சிரிச்சாங்க. சிரிச்சதுதான் படம். ஒரு பிரிண்ட் அவங்களுக்கும் கொடுத்துவிட்டோம். தராசுப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்காங்க.

அக்கா இன்னும் வேலைக்குப் போகிறாள். கேமரா பெரியம்மாவின் பீரோவில் இருக்கிறது. சாவி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு எங்க அம்மாவோடு பெரியம்மாவையும் கூட்டி வரப்போகிறேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும்.



— 9-ஆம் வகுப்பு மாணவி