கட்சிக்காரர் கைக்கு உங்கள் செல்போன் எண் போனது எப்படி?

2021 மார்ச் மாதம். நாராயணசாமி அரசு கவிழ்ந்து புதுச்சேரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி சட்டப்பேரவைத் தேர்தல். அந்த நாட்களில் வாக்காளர்கள் பலரின் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பா.ஜ.க. சார்பில் வந்ததாகச் சொல்லப்பட்ட அந்தச் செய்தியில், ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்வதற்கான இணைப்பு இருந்தது. குழுக்கள் தொகுதி வாரியாக, பூத் வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அனுப்பியவருக்கு உங்கள் எண் தெரியும். அந்த எண்ணுக்கு உரியவர் எந்த வாக்குச்சாவடியில் ஓட்டுப் போடுகிறவர் என்பதும் தெரியும்.

இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் ஆனந்த் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய மனுவின் உயிர்நாடி ஒரே ஒரு விவரம்தான்: ஆதாருடன் இணைக்கப்பட்ட எண்களுக்கு மட்டுமே இந்தச் செய்தி வந்திருக்கிறது. கட்சித் தொண்டர் வீடு வீடாகப் போய் எண் கேட்டு வாங்கியிருந்தால், வீட்டுக்காரர் வாயில் வந்த எண்ணைக் கொடுத்திருப்பார். சிலர் மகன் எண்ணைச் சொல்வார்கள், சிலர் இரண்டாவது சிம்மின் எண்ணைச் சொல்வார்கள். ஆதாரில் உள்ள எண்ணுக்கே குறி வைத்தாற்போல் செய்தி வருகிறது என்றால், அது அரசிடம் கொடுத்த தகவல் அல்லவா என்பதுதான் கேள்வி.

தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குற்றச்சாட்டு நம்பத்தகுந்ததாக இருக்கிறது என்றது. தேர்தல் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது. குடிமக்கள் நம்பிக் கொடுத்த விவரங்கள் எப்படி வெளியே போயின என்பதற்கு ஆதார் ஆணையம் பதில் சொல்ல வேண்டும் என்றது. எங்களிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். எண்களைத் தொண்டர்கள் திரட்டினார்கள் என்றது கட்சி. சைபர் கிரைம் போலீஸ் விசாரிக்கிறது என்றது தேர்தல் ஆணையம். வாக்குப்பதிவு குறித்த நாளில் நடந்து முடிந்தது.

ஒரு வீடு, இரண்டு பட்டியல்

வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஒதியம்பட்டில் நான்கு ஓட்டு உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த நான்கு பேரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம், வீட்டு எண், வாக்காளர் அட்டை எண் எல்லாமே வாக்காளர் பட்டியலில் அச்சாகியிருக்கும். இதில் ஒளிவுமறைவு கிடையாது, இருக்கவும் கூடாது. 1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளின்படி பட்டியல் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அது இலவசமாகவே தரப்படுகிறது. இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் இருக்கிறதா, ஒருவருக்கு இரண்டு இடத்தில் ஓட்டு இருக்கிறதா என்று ஊரே பார்த்துச் சொல்வதற்கான ஏற்பாடு அது. அதை மூடி வைத்தால் கள்ள ஓட்டுக்குத்தான் வசதி.

ஆனால், அந்தப் பட்டியலில் செல்போன் எண் கிடையாது. பெயர் சேர்க்கும் படிவத்தில் எண்ணைக் கேட்டு வாங்கினாலும் பட்டியலில் அதை அச்சிடுவதில்லை.

எண் இருக்கிற இடம் வேறு. அதே வீட்டில் சிவப்பு ரேஷன் கார்டு இருக்கும். புதுச்சேரியில் ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. இலவச அரிசிக்குப் பதிலாக அதற்குரிய பணத்தை வங்கிக் கணக்கில் போட்டார்கள். அந்தப் பணம் வந்து சேர வேண்டுமானால் கார்டு எண், ஆதார், வங்கிக் கணக்கு, செல்போன் எண் எல்லாம் ஒரே வரியில் பொருந்த வேண்டும். 2023இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. அதற்கும் இதே விவரங்கள். முதியோர் பென்ஷன், விதவைப் பென்ஷன், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, பயிர் நிவாரணம் என்று எதைக் கேட்டாலும் ஆதார் ஜெராக்ஸும் செல்போன் எண்ணும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வசதியுள்ள வீடு அரசிடம் அவ்வளவாக எதையும் கேட்பதில்லை. ஏழை வீடுதான் தன் விவரங்களைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுக்கிறது.

இனி வேலை சுலபம். வாக்காளர் பட்டியல் ஒரு பக்கம், பயனாளிகள் பட்டியல் மறுபக்கம். பெயரும் தந்தை பெயரும் வயதும் ஊரும் ஒத்துப்போகிற வரிகளைக் கணினி சில நிமிடங்களில் சேர்த்துவிடும். வாக்காளர் பட்டியல் சட்டப்படி வெளியானது. பயனாளிகள் பட்டியல் ஓர் அலுவலகத்தில் பத்திரமாக இருந்திருக்க வேண்டியது. இரண்டும் இணையும் இடத்தில்தான் குற்றம் நடக்கிறது. இதற்கு ஆதார் ஆணையத்தின் சர்வரை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. திட்டங்களை நடத்தும் துறைகளிலும், அவற்றுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனங்களிலும், விண்ணப்பங்களைப் பதிவேற்றும் கணினி மையங்களிலும் ஆதாரோடு இணைந்த எண்கள் இருக்கின்றன. எங்களிடமிருந்து கசியவில்லை என்று ஆதார் ஆணையம் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் எங்கிருந்து கசிந்தது என்ற கேள்விக்கு அது விடை ஆகாது.

புதுச்சேரியில் இதற்கு மதிப்பு மிக அதிகம். 2021 தேர்தலில் 30 தொகுதிகள், சுமார் 10 லட்சம் வாக்காளர்கள்; சராசரியாக ஒரு தொகுதிக்கு 33 ஆயிரம் பேர். அப்போது தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். இங்கே ஒரு தொகுதியின் மொத்த வாக்காளர்களும் ஒரே எக்செல் கோப்பில் அடங்கிவிடுவார்கள். சில நூறு ஓட்டுகள் முடிவை மாற்றிவிடக்கூடிய தொகுதிகளில், யாருக்கு என்ன பென்ஷன் வருகிறது, யார் வீட்டில் முதல் ஓட்டுப் போடும் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது பெரிய பலம். பென்ஷன் வாங்கும் ஒரு மூதாட்டிக்கு, அவர் பெயரைச் சொல்லி, பென்ஷனைச் சொல்லி, ஓட்டும் கேட்டு ஒரு செய்தி வந்தால் அது அவர் காதில் வேண்டுகோளாக விழாது. எல்லாம் அவர்களுக்குத் தெரியும், பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமாகத்தான் விழும்.

ஒரு கட்சியின் வேலை மட்டும் அல்ல

2019இல் ஐதராபாத்தில் வெடித்தது சேவா மித்ரா விவகாரம். தெலுங்கு தேசம் கட்சிக்கு அந்தப் பெயரில் செயலி செய்து கொடுத்த ஐ.டி. கிரிட்ஸ் என்ற நிறுவனத்திடம் ஆந்திரம், தெலங்கானாவைச் சேர்ந்த 7.8 கோடிப் பேரின் ஆதார் விவரங்கள் இருந்ததாக ஆதார் ஆணையமே போலீசில் புகார் கொடுத்தது. கட்சி அதை மறுத்தது. 2022 நவம்பரில் பெங்களூரு. வாக்காளர் விழிப்புணர்வுக்கு என்று மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிய சிலுமே என்ற அறக்கட்டளையின் ஆட்கள், வாக்குச்சாவடி அலுவலர்கள்போல் காட்டிக்கொண்டு வீடு வீடாக விவரம் திரட்டினார்கள். இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை இடைநீக்கம் செய்யும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பையொட்டி, பிரதமரின் கடிதம் ‘விகசித் பாரத்’ என்ற பெயரில் பலருடைய வாட்ஸ்அப்புக்கு வந்தது. அனுப்பியது மத்திய அரசு. அதை நிறுத்தும்படி மார்ச் 21 அன்று தேர்தல் ஆணையம் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலையில் தி.மு.க.வின் ‘ஓரணியில் தமிழ்நாடு’ உறுப்பினர் சேர்க்கையில் வாக்காளர்களிடம் ஓ.டி.பி. கேட்பதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. திரட்டிய தகவலை எங்கே வைக்கிறீர்கள், அதற்கு என்ன பாதுகாப்பு என்று நீதிபதிகள் கேட்டார்கள். தி.மு.க. மேல்முறையீடு செய்தும் அந்தத் தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கட்சிகள் மாறுகின்றன, மாநிலங்கள் மாறுகின்றன, செய்கை ஒன்றுதான். ஒரு கட்சியை மட்டும் திட்டிவிட்டு இன்னொரு கட்சியிடம் எண்ணைக் கொடுப்பதால் எதுவும் தீராது.

கட்சிகளுக்கு அப்பால் இது பெரிய வியாபாரமும்கூட. 2023இல் சைபராபாத் போலீசார் முதலில் 16.8 கோடிப் பேரின் விவரங்களை விற்ற ஒரு கும்பலைப் பிடித்தார்கள். அடுத்த சில நாட்களில் 66.9 கோடிப் பேரின் விவரங்களை வைத்திருந்த ஒருவரைக் கைது செய்தார்கள். சந்தையில் சரக்கு இப்படிக் குவிந்து கிடக்கும்போது, தேர்தல் நேரத்தில் வாங்குவதற்கு ஆள் வராமல் இருக்காது.

வெளிநாடுகளிலும் இந்த நோய் உண்டு. பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்லும் ‘எம்மாஸ் டைரி’ என்ற சேவை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை விற்றது. 2017 தேர்தலில் தொழிற்கட்சிப் பிரசாரத்துக்கு அவை பயன்பட்டன. குழந்தைக்காகக் கொடுத்த விவரம் ஓட்டு கேட்கப் போய்விட்டது. அந்த நிறுவனத்துக்கு 2018இல் 1,40,000 பவுண்டு அபராதம் விழுந்தது. அமெரிக்காவிலோ 2003ஆம் ஆண்டின் வேண்டா மின்னஞ்சல் தடுப்புச் சட்டம் வணிக அஞ்சல்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அரசியல் அஞ்சல் அதற்குள் வராது. அங்கே தேர்தல் காலத்தில் நன்கொடை கேட்டு அஞ்சல் பெட்டி நிரம்பி வழிவது அதனால்தான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னது. அதன்பின் ஆறு ஆண்டுகள் கழித்து, 2023இல், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒப்புதல் இல்லாமல் ஒருவர் விவரத்தைப் பயன்படுத்தக் கூடாது, ஒரு காரியத்துக்கு வாங்கியதை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்பது அதன் சாரம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அரசியல் கட்சி என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஓட்டைகளும் இருக்கின்றன. ஒரு சட்டத்தின் கட்டாயத்தால் பொதுவில் வெளியிடப்படும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எனவே வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர், வயது, வீட்டு எண்ணை வைத்து யார் என்ன செய்தாலும் இந்தச் சட்டத்தின் துணையை நாட முடியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. என் விவரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமையை இச்சட்டம் யார் மீதும் சுமத்தவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டத்தில் அந்தக் கடமை இருக்கிறது. புதுச்சேரி வழக்கின் மையக் கேள்வியே இதுதான். எங்கிருந்து என்பது தெரிந்திருந்தால் மீதி எல்லாம் தானாக வெளியே வந்திருக்கும். அது தெரியாததால் கட்சி ஒன்று சொல்ல, ஆதார் ஆணையம் ஒன்று சொல்ல, வாக்காளர் நடுவில் நின்றார்.

தேர்தல் விதிகள் கொஞ்சம் உதவும். மொத்தமாக அனுப்பும் அரசியல் குறுஞ்செய்திக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன்அனுமதி வாங்க வேண்டும், அதற்கான செலவை வேட்பாளர் கணக்கில் காட்ட வேண்டும். ஆனால் அங்கே பார்ப்பது செய்தியின் வாசகத்தையும் செலவையும்தான். எண்கள் வந்த வழியை அல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 1909 சேவையில் வேண்டாத விளம்பரங்களை வகை பிரித்துத் தடுக்கலாம். வங்கி, வீட்டுமனை, கல்வி, மருத்துவம், சுற்றுலா என்று பட்டியல் போகிறது. அரசியல் என்று ஒரு வகை அதில் இல்லை. வாட்ஸ்அப் அதன் வரம்புக்குள்ளேயே வராது.

சட்டம் இப்படி இருக்க, 2025 நவம்பரில் புதுச்சேரியிலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு தேடி வந்த படிவத்தில் பிறந்த தேதி, செல்போன் எண், பெற்றோர் விவரம், விருப்பப்பட்டால் ஆதார் எண் என்று எழுதிக் கொடுத்தோம். கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர் ஒருவர் நாளொன்றுக்கு 50 படிவங்கள் வரை திரட்டிக் கொடுக்கவும் அனுமதி இருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கும் வெளியூரில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அது உதவிதான். ஆனால், பூர்த்தி செய்த படிவம் கட்சிக்காரர் கையில் ஓர் இரவு இருந்தால், செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அதைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ படிவம் கொடுத்தவருக்கு எந்த வழியும் இல்லை.

என்ன செய்யலாம்?

தெரியாத வாட்ஸ்அப் குழுவின் இணைப்பைத் தொடாதீர்கள். சேர்ந்த உடனே உங்கள் எண் அந்தக் குழுவில் உள்ள எல்லோருக்கும் போய்விடும். உறுப்பினர் சேர்க்கை, கணக்கெடுப்பு, பரிசுக் கூப்பன் என்று எந்தப் பெயரில் யார் வந்தாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். ஆதார் நகல் கேட்கும் இடங்களில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். விண்ணப்பத்தை இடைத்தரகர் மூலம் கொடுக்காமல் முடிந்தவரை நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தேர்தல் நேரத்தில் செய்தி வந்தால் அழிக்காமல், அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1950 எண்ணிலோ சி-விஜில் செயலியிலோ தேர்தல் அதிகாரியிடமோ புகார் கொடுங்கள்.

ஆனால் இதை வாக்காளர் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயமில்லை. பென்ஷன் வேண்டுமென்றால் எண் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காமல் இருப்பதற்கு அந்த மூதாட்டிக்கு வழி இல்லை. மொத்தமாகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு கட்சியும் எண்கள் கிடைத்த வழியை எழுத்தில் அறிவித்தால்தான் முன்அனுமதி என்று தேர்தல் ஆணையம் ஒரு விதி சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே வரை, கட்சிக்காரரிடம் எண் போனதற்குக் கணக்குக் கேட்க அந்தச் சட்டமும் ஒதியம்பட்டுக்காரருக்குக் கை கொடுக்காது.